நேர்ந்துவிட்ட குஞ்சு

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் கோழி வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது, அம்மாவுக்குக் கோழி என்றாலே ஆகாது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட மறு நிமிஷம் பக்கத்து வீட்டுக் கோழி வந்து அதைக் கிளறிவிட்டு, நடுவில் எச்சமும் போட்டுவிட்டுப் போகும். அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். கோழிக்காரிக்கு நாலு வசவு, கோழிக்கு எட்டு வசவு. அப்படிப்பட்டவள் ஒரு சேவல் குஞ்சை மடியில் போட்டுக்கொண்டு அழுவாள் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

அந்தக் குஞ்சைக் கொண்டுவந்தவர் என் அக்காவின் மாமியார். ஐம்பதுகளின் கடைசி அது. அக்காவை லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். நெல் விளைகிற வீடு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அத்தானும் அதிர்ந்து பேசாதவர். குறை என்று இருந்தது ஒன்றுதான். அக்காவுக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது ஏழு மாதம் தாண்டி நின்றது. வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் வாய் அதிகம் எனக்குத்தான்.

அக்கா வந்த சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தியம்மா பாசஞ்சரில் வந்து இறங்கினார். ஒரு கையில் முறுக்கும் மாங்காய் ஊறுகாயும் வைத்த பை, இன்னொரு கையில் மூடி போட்ட ஓலைக் கூடை. கூடைக்குள் செம்பட்டை நிறத்தில் ஒரு சேவல் குஞ்சு. தாயை விட்டுப் பிரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கொண்டை இப்போதுதான் ஒரு கோடாகக் கிளம்பியிருந்தது. இடது காலில், விரல்களுக்குக் கொஞ்சம் மேலே, மஞ்சளில் தோய்த்து முறுக்கிய நூல் கட்டியிருந்தது.

"இது எங்க குலசாமிக்கு நேர்ந்தது. புள்ள பொறந்து மூணாம் மாசம் புள்ளையையும் இதையும் சேத்துக் கோயிலுக்குக் கொண்டு போவணும். அதுவரைக்கும் புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுலதான் இது வளரணும்" என்றார் சம்பந்தியம்மா. "கண்ணு, காலு, றெக்கை எல்லாம் முழுசா இருக்கணுங்க. ஊனப்பட்ட உருப்படிய எங்க சாமி ஏத்துக்காது."

அம்மா பயபக்தியோடு தலையை ஆட்டினாள். விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சும்மா நின்றது.

"அப்பறம் இந்தக் காப்பு. இதை யாரும் அவுக்கக் கூடாது. தானா அறுந்து விழுந்துச்சுன்னா சாமி எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். நாம கை வெச்சோம்னா, எங்களுக்கு வேண்டாம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

அந்த அம்மாளைக் கொடுமைக்கார மாமியார் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு தடவையும் அக்காவோடு சேர்ந்து தரையில் விழுந்து அழுதவர் அவர். இந்தத் தடவை முடிச்சு நழுவிவிடக் கூடாது, சாமியாகப் பார்த்து எடுத்துக்கொண்டால்தான் உண்டு என்று அவரே உட்கார்ந்து பல இழை சேர்த்து முறுக்கி, இறுக்கமாகக் கட்டியிருந்தார். அத்தனை ஆசை. புறப்படும்போது அக்காவின் வயிற்றில் கையை வைத்துவிட்டு, அதே கையைக் குஞ்சின் தலையிலும் வைத்துவிட்டுத்தான் போனார்.

என் அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருக்குச் சாமி கிடையாது. சாமி இல்லை என்று பேசுகிற கூட்டம் திருச்சியில் எந்த மூலையில் நடந்தாலும், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வருவார். அன்று சாயங்காலம் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "கொழம்புக்கா?" என்றார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவரும் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொல்லைப்பக்கம் போனார்.

குஞ்சை நாங்கள் வளர்த்த சீரைச் சொல்ல வேண்டும். மேலே பருந்து, சுவரில் பூனை, சாக்கடையில் கீரி, தெருவில் நாய். இத்தனைக்கும் தப்பி அது முழுசாக வளர வேண்டுமே. அதனால் வெளியே விடுவதே இல்லை. சிமெண்டு போட்ட கொல்லையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் வைத்தோம். தரையைத் தினமும் கழுவித் துடைத்தோம். கால் ஈரமானால் சளி பிடிக்கும் என்று அம்மா பழைய சாக்கை விரித்தாள். நொய், கம்பு, ஆறவைத்த தண்ணீர். வேறு எந்தக் குஞ்சுக்கும் கிடைக்காத ராஜவாழ்வு என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

கொஞ்ச நாளில் அதன் வேலை முழுவதும் அக்காவின் கைக்குப் போய்விட்டது. அவளுக்கு வேறு என்ன இருந்தது? குனியாதே, தூக்காதே, படியேறாதே என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம். அவள் பலகை போட்டுப் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் டைப்ரைட்டிங் கிளாசிலிருந்து வரும்போது பட்டுப்போன வேப்பமரத்தடியில் கரையான் புற்றைக் கிளறித் தேங்காய் ஓட்டில் அள்ளிக்கொண்டு வருவேன். குஞ்சுக்கு அதுதான் அல்வா. அக்கா சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில் அப்போது மட்டும்தான். அதற்கு அவள் பேர் வைக்கவில்லை. சாமிக்குப் போகிறதுக்குப் பேர் எதற்கு என்றாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அவள் ஒரு பேர்கூட யோசிக்காமல் இருந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒன்பதாம் மாதம் பிறந்த சமயம் குஞ்சு காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தது. முதலில் சாக்கு நார் தடுக்கியிருக்கும் என்று நினைத்தோம். மறுநாள் இடது காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. அதற்கும் மறுநாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, கரையானைக் கொட்டினாலும் தலையை மட்டும் நீட்டிக் கொத்தியது.

நொண்டிச் சேவல் சாமிக்கு ஆகாது. சாமிக்கு ஆகாவிட்டால் அக்காவின் வயிற்றில் இருப்பது என்ன ஆகும்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அம்மா குஞ்சின் காலைப் பார்த்துவிட்டு உடனே அக்காவின் வயிற்றைப் பார்ப்பாள். அக்கா அதைப் பார்ப்பாள்.

முள் குத்தியிருக்கும் என்று உள்ளங்காலில் தேடினோம், இல்லை. சுளுக்கு என்று உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கால் முழுக்கப் பற்றுப் போட்டோம். கோழி வளர்க்கிற பக்கத்து வீட்டு அம்மாளிடம் அம்மா பழைய சண்டையை எல்லாம் விழுங்கிக்கொண்டு போய்க் கேட்டாள். அந்த அம்மாள் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டச் சொன்னார், கட்டினோம். அக்கா தன் பங்குப் பாலில் சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். குஞ்சு அவள் விரலைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் அதையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். அதன் உடம்பு கொதிப்பதைக் கையில் பிடித்தாலே தெரிந்தது.

ஒரு மத்தியானம் புதுப் பற்றுப் போடுவதற்காக அக்கா பழைய பற்றை வெந்நீர் விட்டுக் கழுவினாள். நான் குஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கரைந்து போனதும் காலைத் திருப்பிப் பார்த்தவள், "இங்க பாருடி" என்றாள். குரலே மாறியிருந்தது.

கால் விரல்களுக்கு மேலே இரண்டு வீக்கம், நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் நூல். குஞ்சு வளர்ந்துவிட்டது, நூல் வளரவில்லை. கட்டினபோது அளவாக இருந்தது இப்போது சதைக்குள் இறங்கி, அதன் மேலேயே தோல் மூட ஆரம்பித்திருந்தது. முடிச்சின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. கீழே இருந்த விரல்கள் கறுத்துக் குளிர்ந்து கிடந்தன. நாங்கள் இத்தனை நாள் அந்த நூலின் மேலேயே பற்றுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதில் இன்னொன்றும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கிராமத்தில் நேர்ந்துவிட்ட குஞ்சுகள் சேற்றிலும் எருக்குழியிலும் புரண்டு திரியும். காலில் கட்டிய நூல் ஒன்றிரண்டு மாதத்தில் இற்று, தானாக அறுந்து விழுந்துவிடும். அதனால்தான் அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. நாங்களோ தரையைத் துடைத்து, சாக்கை விரித்து, கால் நனையாமல் வளர்த்தோம். நூல் எப்படி இற்றுப்போகும்? கொஞ்சம் அசட்டையாக வளர்த்திருந்தால் அது பாட்டுக்கு நடந்திருக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவுத்துடலாம்மா" என்றாள் அக்கா.

"ஐயோ, வேண்டாம். கட்டினவங்க வந்து அவுக்கட்டும். நாம தொட வேண்டாம்டி. உன் வயித்துல இருக்கறதை நெனச்சுப் பாரு."

நான் கத்தினேன். இதென்ன அநியாயம், கண் எதிரே கால் அழுகுகிறது, நூல் பெரிதா உயிர் பெரிதா என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்து, "ரெண்டு உயிர் இருக்குடி" என்றாள். அப்பா வந்ததும் அவராவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குஞ்சின் காலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு லீவு போட்டுட்டு நானே சம்பந்தி வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றார். முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய என் அப்பா! எனக்கு வந்த கோபத்தில் அன்று அவரோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை.

அப்பா போய்விட்டு வந்தார். அங்கே நடவு நேரம், வீடு நிறைய ஆள். சம்பந்தியம்மா குஞ்சு நொண்டுகிறது என்று கேட்டதுமே ஆடிப்போய்விட்டாராம். அமாவாசை கழித்து வந்து சாமி கும்பிட்டுத் தானே அவிழ்க்கிறேன், அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம், தானாக அறுந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அமாவாசைக்கு இன்னும் நாள் கிடந்தது.

தானாக அறுந்தால் நல்லது. சரி, தானாக அறுக்க என்ன வழி? இப்படி ஒரு யோசனை எங்கள் வீட்டில் நடந்தது. சேற்றில் திரிந்தால்தானே நூல் இற்றுப்போகும்? அக்கா ஒரு மண்சட்டியில் சேற்றைக் குழைத்து, குஞ்சின் காலை அதற்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையும் மாலையும். நூல் சதைக்குள் இருக்கும்போது சேறு எங்கே போய் நனைக்கும்? அப்பா மெதுவாக வந்து, "எலி வந்து கடிச்சா அது தானா அறுந்ததுல சேத்தியா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது.

குஞ்சு நீர் குடிப்பதை நிறுத்தியது. அக்கா விரலைத் தண்ணீரில் நனைத்து அலகின் ஓரத்தில் சொட்டுவிடுவாள். ஒரு சொட்டு உள்ளே போகும், இரண்டு வெளியே வழியும். இரவெல்லாம் அது முனகுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது என்பாள், எங்களுக்கு ஒன்றும் கேட்காது.

அம்மா காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "பிடிச்சுக்கோ" என்று குஞ்சை என் மடியில் வைத்தாள். அவள் கையில் அப்பாவின் சவர பிளேடு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் பெத்துக்கறதுக்கு இது ஏண்டி நொண்டணும்?" என்றாள். "இதைக் கொன்னு வாங்கற புள்ளையை நான் எந்த மூஞ்சியோட கொஞ்சறது?"

பிளேடின் நுனியை முடிச்சுக்குள் விட்டு அறுத்தாள். அறுத்த பிறகும் நூல் வரவில்லை. நகத்தால் பற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி இழுத்தாள். குஞ்சு ஒரே ஒரு தரம் அலறியது. அவ்வளவு சின்ன உடம்பில் அத்தனை பெரிய சத்தம் எங்கே இருந்ததோ. சீழும் ரத்தமும் என் பாவாடையில் கொட்டின. வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றியதும் அது என் மடியிலேயே கழுத்தைத் துவளப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டது. வலிக்காமல் அது தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். குஞ்சின் காலைப் பார்த்தாள். தரையில் கிடந்த நூலைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நூலை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். அப்புறம் எங்கள் இருவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பேசாமல் போனது அவளுக்குள்ளேயும் அக்காவுக்குள்ளேயும் என்ன பண்ணியது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அக்கா என் கையை இழுத்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொள்வாள். "அசையுதா பாரு. நேத்து மாதிரி இல்ல, இல்ல?" என்பாள். நன்றாகத்தான் உதைத்துக்கொண்டிருந்தது. குஞ்சும் தேறியது. இரண்டு விரல்கள் கருகி உதிர்ந்துவிட்டன, ஆனால் மீதிக் காலை ஊன்றிக்கொண்டு தாவித் தாவி நடக்க ஆரம்பித்தது. அது தாவி வருவதைப் பார்த்து அக்கா கையை நீட்டுவாள். அவள் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே இருக்கும்.

அமாவாசைக்கு முன்பே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. பையன் பிறந்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவே இல்லை. நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நர்சம்மா வெளியே வந்து அம்மாவின் தோளில் கை வைத்ததைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அக்காவின் மூக்கு அப்படியே.

அக்கா வீட்டுக்கு வந்தபின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சம்பந்தியம்மாவும் அத்தானும் வந்தார்கள். சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே குஞ்சு தாவித் தாவி வந்து அவர் எதிரில் நின்றது. அவர் குனிந்து அதன் காலைப் பார்த்தார்.

திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்டார். "காப்பை யாரு அறுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல? காலுல கட்டின கயித்தை அறுத்தீங்க, அங்க புள்ள கழுத்துல கொடி சுத்திக்கிச்சு. யாரு அந்தக் கையி?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, "நான்தாங்க" என்றாள்.

"நீங்களா?"

"நான்தான். அது கெடந்து துடிச்சுதுங்க. மனசு கேக்கலை. இவங்க ரெண்டு பேரும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்காம அறுத்துட்டேன்."

அக்கா "அம்மா" என்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, "நீ சும்மா கெட. பச்சை ஒடம்புக்காரி" என்று அதட்டினாள். அப்படி ஒரு அதட்டலை நான் அம்மாவிடம் கேட்டதில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். அத்தனை வாயாடி, அன்றைக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சம்பந்தியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சொந்த மகள்னுகூடப் பாக்கலையே நீங்க" என்று மட்டும் சொன்னார். உடம்பு தேறுகிறவரை அக்கா இருந்தாள். பிறகு அத்தான் வந்து அழைத்துப் போனார். இனி அவள் தாய்வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது, எங்கள் அம்மாவும் அந்த ஊருக்கு வரக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டளை. குஞ்சைக் கேட்டபோது, "அதை இனிமே சாமிக்கும் குடுக்க முடியாது, விக்கவும் கூடாது, திங்கவும் கூடாது. நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அப்படித்தான் அது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பஞ்சாரத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள் அம்மா. சேவல் வாசலிலும் சாக்கடையிலும் இஷ்டத்துக்குத் திரிந்தது. கொண்டை சிவந்தது, வால் இறகு கறுத்து வளைந்தது. கூவும்போது மட்டும் இடது காலைச் சரியாக ஊன்ற முடியாமல் ஒரு பக்கம் சாயும். அக்கா கட்டிவிட்ட காயத்துக்கு அம்மாதான் ஆறும் வரையில் மருந்து போட்டாள். ஒரு நாள் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு கொல்லையில் உட்கார்ந்திருந்தவள், அதை மடியில் போட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு, "உனக்காவது போச்சே வலி" என்று சொல்லிச் சத்தம் போட்டு அழுதாள். நான் உள்ளேயே நின்றுகொண்டேன். அவளே அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் கோடை முடிந்ததும் எங்கள் வரிசையில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. சேவலுக்கும் வந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தாள் அம்மா. மோரில் கலந்து கொடுத்துப் பார்த்தாள். தலை தொங்கிவிட்டது, இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஊரில் செத்த கோழியைக் குப்பையில் எறிவார்கள். அப்பா முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளும்போது, "உன் கைபட்டு வளந்தது போயிடுச்சுன்னு நம்ம பொண்ணுகிட்ட யாராவது சொல்லணுமே" என்றார் அம்மாவைப் பார்த்து. யார் போய்ச் சொல்வது?

அக்கா மறுபடி உண்டான செய்தியே எங்களுக்கு யார் யார் வாய் வழியாகவோ வந்தது. பிரசவம் அங்கேயே நடந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று அத்தான் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து காத்திருந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குச் சர்க்கரை வாங்கிவரச் சொல்லி வரிசை முழுக்கக் கொடுத்தாள். பேத்தியைப் பார்க்கப் போகவில்லையா என்று ஒருத்தி கேட்டதற்கு, "போவணும்" என்றாள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது அத்தான் மறுபடி வந்தார். அம்மை குத்த லால்குடிக்குக் குழந்தையைக் கொண்டுவருகிறோம், காலை பாசஞ்சரில் வந்தால் ஸ்டேஷனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மாவும் நானும் போனோம். ஸ்ரீரங்கம் வந்தபோது எல்லாரும் எழுந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மா கும்பிடவில்லை. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளிடத்துப் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போயிற்று, அதற்கே அவளுக்குப் பொறுக்கவில்லை.

அக்கா பிளாட்பாரக் கடைசியில், தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். அத்தான் நாசூக்காக டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தி, அதன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பும் வண்டி வரக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அம்மா, இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அத்தைகிட்ட சொல்லிடப் போறேன்" என்றாள் அக்கா. "என்னால முடியலைம்மா. வாரத்துக்கு ஒரு தடவை உன்னைப் பேசறாங்க. நான்தான்னு சொல்லிடறேன். இப்பத்தான் புள்ள பொறந்துடுச்சே."

அம்மா குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லிட்டு? நாளைக்கு இதுக்கு ஒரு சளி புடிச்சாலும் உன் கையைத்தானே பாப்பாங்க. ஜொரம் வந்தா உன்னை. கீழ விழுந்தா உன்னை. என்னையே சொல்லிட்டுப் போவட்டும். நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன், எனக்கென்ன."

"உனக்கென்னவா? உம் பேத்தியை ஸ்டேஷன்ல வெச்சுப் பாக்கறியேம்மா."

"ஸ்டேஷனுக்கு என்ன கொறைச்சல்? மரம் இருக்கு, நெழல் இருக்கு" என்றாள் அம்மா.

வண்டி வந்தது. அம்மா குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். கொண்டுபோயிருந்த சட்டையையும் கிலுகிலுப்பையையும் அக்கா வாங்கிக்கொள்ளவில்லை, யார் கொடுத்தது என்று வீட்டில் கேட்பார்கள் என்றாள். அதைத் திரும்பப் பைக்குள் வைத்தோம். வண்டி நகர்ந்ததும் நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். அம்மா ஆட்டவில்லை. அவள் புடவை மடி நனைந்திருந்தது. குழந்தை மூத்திரம் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "புடவையை மாத்தும்மா, துவைச்சுப் போடறேன்" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். அந்தப் புடவையோடேயே சமைத்தாள், அப்பாவுக்குப் பரிமாறினாள், படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, கொடியில் கிடந்த துவைத்த புடவையை விட்டுவிட்டு, அதையே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.